அக்கம்பக்கப் பள்ளியில் பிள்ளை நன்றாகப் படிக்க, ஆசிரியருக்குத் தோள் கொடுக்க: சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு முழு வழிகாட்டி

15 வயது மாணவர்களின் திறனை நாடுவாரியாக ஒப்பிடும் பிசா ஆய்வில், 2022ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாணவர்கள் கணிதத்தில் 575, அறிவியலில் 561, வாசிப்பில் 543 புள்ளிகள் பெற்றார்கள். மூன்றிலும் உலகத்திலேயே முதலிடம். 2023ஆம் ஆண்டுக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இதே ஊர்க் குடும்பங்கள் ஓராண்டில் துணைப்பாடத்துக்கு, அதாவது டியூஷனுக்கு, கொட்டிய பணம் 180 கோடி வெள்ளி. 2017/18ல் அது 140 கோடியாக இருந்தது. பள்ளிக்கூடம் உலகத் தரம் என்றால் இந்தக் காசு ஏன் போகிறது என்று கோப்பிக்கடையில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும்.

என் பதில் இது. நம் வரிப்பணத்தில் பயிற்சி பெற்று, வாரத்தில் ஐந்து நாளும் நம் பிள்ளையைப் பார்க்கிற ஒருவர் வகுப்பறையில் இருக்கிறார். அவரிடம் பேசும் முன்பே நாம் வெளியே ஓடிவிடுகிறோம். தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் சுமார் 30 பிள்ளைகள். அதற்கு மேல் 40 வரை போகலாம். அத்தனை பேருக்கு நடுவில் உங்கள் பிள்ளை எங்கே இடறுகிறான் என்று அவருக்குத் தெளிவாகக் காட்டுவதும், அவருடைய நேரத்தை வீணாக்காமல் இருப்பதும்தான் பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். துணைப்பாடம் ஐந்தாவதாக வருவதற்குக் காரணம் இருக்கிறது.

படி 1: மதிப்பெண்ணை மறந்துவிட்டுத் தாளைப் படியுங்கள்

தொடக்கநிலை 1, 2ல் மதிப்பெண் போடும் தேர்வே கிடையாது. அரையாண்டுத் தேர்வும் 2023 முதல் எந்த வகுப்புக்கும் இல்லை. ஆகவே மூன்றாம் வகுப்பிலிருந்து தவணைதோறும் வரும் சிறிய மதிப்பீட்டுத் தாள்கள்தான் நம் கையில் கிடைக்கும் தடயம். கையெழுத்துப் போட வீட்டுக்கு வரும் அந்தத் தாளில் நாம் பார்ப்பது மேல் மூலையில் உள்ள எண்ணை மட்டும். “முப்பதுக்குப் பத்தொன்பதா?” என்று ஒரு பார்வை, ஒரு திட்டு, கையெழுத்து, முடிந்தது. தாள் மறுநாளே பள்ளிக்குத் திரும்பிப் போய்விடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மேல்வகுப்பு பிள்ளைகளை அடிக்கடி கவிழ்க்கும் வகை இது.

ரவியிடம் 60 ஸ்டிக்கர்கள் இருந்தன. அதில் நான்கில் ஒரு பங்கைத் தங்கைக்குக் கொடுத்தான். மீதியில் ஐந்தில் இரண்டு பங்கை நண்பனுக்குக் கொடுத்தான். அவனிடம் எத்தனை மிச்சம்?

பிள்ளை 21 என்று எழுதியிருக்கிறாள். தப்பு. செய்முறையைப் பாருங்கள்: 60ல் கால் பங்கு 15. சரி. 60ல் ஐந்தில் இரண்டு பங்கு 24. இரண்டையும் கழித்தால் 21. பெருக்கல் சரி, கழித்தல் சரி, பின்னமும் தெரிகிறது. அவள் தவறவிட்டது “மீதியில்” என்ற ஒரே சொல். 45ல் ஐந்தில் இரண்டு பங்கு 18, விடை 27. இந்தப் பிள்ளைக்குப் பின்னப் பயிற்சிப் புத்தகம் பத்து வாங்கிக் கொடுத்தாலும் அடுத்த தேர்வில் இதே இடத்தில்தான் விழுவாள்.

உடனே திட்ட வேண்டாம். அந்தக் கணக்கைப் படமாக வரையச் சொல்லுங்கள். நீளமான கட்டம் ஒன்று போட்டு அதை நான்காகப் பிரிப்பது இங்கே எல்லாப் பள்ளியிலும் சொல்லித் தரும் முறைதான், அவளுக்குப் பழக்கம் இருக்கும். ஒரு பகுதியை அடித்துவிட்டு, அடுத்ததை எங்கிருந்து எடுக்கிறாள் என்று கவனியுங்கள். மிச்சமுள்ள மூன்று பகுதியிலிருந்து எடுத்தால் விஷயம் புரிந்திருக்கிறது, அவசரத்தில் படித்திருக்கிறாள். முழுக் கட்டத்திலிருந்தே எடுத்தால் “மீதி” என்பதே அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

இப்படியே தாள் முழுவதும் போய், போன மதிப்பெண்களை மூன்று குவியலாகப் போடுங்கள். பாடமே தெரியாதது ஒன்று. தெரிந்தும் கவனக்குறைவால் தவறியது இன்னொன்று. கேள்வியின் மொழி புரியாதது மூன்றாவது. அரைப் பக்கத்தில் குறித்து வையுங்கள், முடிந்தால் தாளைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குடும்பங்களில் அந்த மூன்றாவது குவியலை யாரும் கண்டுகொள்வதில்லை. கணக்கு வரவில்லை, அறிவியல் வரவில்லை என்று பேசிக்கொண்டே இருப்போம். உண்மையில் வராதது நீளமான ஆங்கில வாக்கியமாக இருக்கும்.

படி 2: எங்கே உழைத்தால் பலன் என்று கணக்குப் போடுங்கள்

ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை தருகிறார்கள். 90 அல்லது அதற்கு மேல் என்றால் 1. 85 முதல் 2. 80 முதல் 3. 75 முதல் 4. 65 முதல் 5. 45 முதல் 6. 20 முதல் 7. அதற்குக் கீழே 8. நான்கு பாடங்களையும் கூட்டினால் வருவதுதான் மொத்தம். 4 மிகச் சிறப்பு, 32 கடைசி.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேலே படிகள் ஐந்தைந்து மதிப்பெண் அகலம், கீழே ஆறாம் நிலையோ 45லிருந்து 64 வரை நீள்கிறது. ஆங்கிலத்தில் 88 வாங்கும் பிள்ளையை 90க்குத் தள்ள எத்தனை வகுப்பு! அதே பிள்ளை அறிவியலில் 61 வாங்கிக்கொண்டிருந்தால், நான்கே மதிப்பெண்ணில் அங்கேயும் ஒரு படி ஏறிவிடலாம், அதுவும் எளிதாக. பலவீனமான பாடத்தில்தான் மலிவான மதிப்பெண்கள் கிடக்கின்றன. பெற்றோரோ பிள்ளைக்கு ஏற்கெனவே நன்றாக வரும் பாடத்துக்கே மேலும் மேலும் செலவு செய்கிறார்கள், சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கிறதல்லவா.

இன்னொன்று. 2024ல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து விரைவு, வழக்கநிலை என்ற பிரிவுகள் போய்விட்டன. பிள்ளைகள் மூன்று சேர்க்கைக் குழுக்கள் வழியாக வருகிறார்கள். பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் படிக்கிறார்கள், ஜி3தான் இருப்பதில் கடினமானது. மொத்தப் புள்ளி எப்படி இருந்தாலும், ஒரு பாடத்தில் அடைவுநிலை 5 அல்லது அதைவிடச் சிறப்பாக வாங்கினால் அந்தப் பாடத்தை ஜி3ல் எடுக்கத் தகுதி உண்டு. தாய்மொழிக்கும் இது பொருந்தும். கணக்கில் திணறும் பிள்ளை தமிழை மட்டும் மேல்நிலையில் படிக்கலாம். “அவன் வழக்கநிலைப் பிள்ளை” என்று உறவினர் வீட்டில் பேசும் பழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை, பள்ளிகள் விட்டுவிட்டன.

படி 3: பள்ளியே தரும் உதவிக்குச் சரி சொல்லுங்கள்

முதல் வகுப்பில் சேர்ந்த சில வாரங்களில் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பையும் எண் அறிவையும் பள்ளி சோதித்துப் பார்க்கும். உதவி தேவைப்படுபவர்களை எட்டிலிருந்து பத்துப் பேர் கொண்ட சிறு குழுவில் வைத்து, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் சொல்லித் தருவார். கணிதத்துக்கும் இதேபோல ஆதரவுத் திட்டம் உண்டு. எழுத்துகளைக் கோர்த்து வாசிப்பதில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து டிஸ்லெக்சியா சீராக்க வகுப்புகள் தொடக்கப்பள்ளிகளில் நடக்கின்றன. தாய்மொழியிலும் சிறு குழு ஆதரவு வந்துவிட்டது.

இத்தனை இருந்தும், கடிதம் வீட்டுக்கு வந்ததும் அப்பாக்களுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. “என் பிள்ளை மக்கு என்கிறார்களா?” என்று கேட்டு மறுத்தவர்களையும் எனக்குத் தெரியும். அதே மாதம் அவர்கள் நாற்பது நிமிடம் பேருந்தில் போய்ச் சேரும் ஒரு துணைப்பாட நிலையத்தில் பணம் கட்டுவார்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், பள்ளி நேரத்திலேயே, தனிக் கட்டணம் இல்லாமல். இதைவிட நல்ல ஏற்பாடு இந்த ஊரில் வேறு இல்லை.

நான்காம் வகுப்பு முடிவில் பாடங்களை வழக்கமான நிலையில் எடுப்பதா, அடிப்படை நிலையில் எடுப்பதா என்று பள்ளி பரிந்துரைக்கும். இங்கே மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லாமல் ஆசிரியரிடம் பேசுங்கள். அடிப்படை நிலையில் மிகச் சிறந்த தரமான ஏ வாங்கினாலும் அது அடைவுநிலை 6க்குத்தான் சமம். திணறித் திணறி 30 வாங்கும் பிள்ளைக்கு அது பெரிய நிம்மதி. 55 வாங்கும் பிள்ளைக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

படி 4: ஆசிரியரிடம் பேசும் முறை

2018ல் பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு நடத்திய ஆசிரியர் ஆய்வின்படி சிங்கப்பூர் ஆசிரியர் வாரத்துக்கு ஏறத்தாழ 46 மணி நேரம் வேலை பார்க்கிறார். வகுப்பில் பாடம் நடத்துவது அதில் சுமார் 18 மணி நேரம்தான். மீதி எங்கே போகிறது? திருத்துவது, பாடம் தயாரிப்பது, இணைப்பாட நடவடிக்கை, கூட்டங்கள், படிவங்கள், அப்புறம் நாம் அனுப்பும் செய்திகள்.

நம் பங்கை நாம் குறைக்கலாம். கல்வி அமைச்சு 2024 செப்டம்பரில் புதுப்பித்த வழிகாட்டியின்படி ஆசிரியர் தம் சொந்தத் தொலைபேசி எண்ணைத் தர வேண்டியதில்லை. பள்ளி நேரத்துக்குப் பிறகு வேலைச் செய்திகளுக்குப் பதில் எழுத வேண்டியதுமில்லை. இரவு பத்து மணிக்கு “டீச்சர், நாளைக்கு எழுத்துச் சோதனை இருக்கா?” என்று வாட்ஸ்அப் தட்டும் காலம் முடிந்தது. பயணம், அறிவிப்பு, ஒப்புதல் எல்லாம் பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் வருகின்றன. பிள்ளையின் கையேட்டிலும் வீட்டுப்பாடம் எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் அது பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். வகுப்புப் பெற்றோர் குழு அரட்டையில் இருநூறு செய்திகள் ஓடவிட்டுத் தீர்ப்பது அவனுக்கு நல்லதில்லை.

ஆசிரியருக்கு நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்க வேண்டிய சரக்கு இதுதான்:

“வணக்கம் டீச்சர். கணித மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தேன். 12, 15ஆம் கேள்விகளில் ‘மீதியில் இத்தனை பங்கு’ என்று வரும் இடத்தில் முழுத்தொகையை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். படம் வரையச் சொன்னால் சரியாக வருகிறது, வரையாமல் செய்தால் தவறுகிறது. வகுப்பிலும் இப்படித்தானா? வீட்டில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும்.”

“என் மகள் கணக்கில் வீக், என்ன செய்யலாம்?” என்று கேட்டால் ஆசிரியர் பொதுவாக “நிறையப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள்” என்பார். வேறு என்ன சொல்ல முடியும்? மேலே உள்ளது போலக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் எழுதலாம், வகுப்பில் அவள் பக்கம் வரும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம் சொச்சம். அரைப் பக்கக் குறிப்போடு போங்கள். ஒரே பாடம், ஒரே சிக்கல். பிள்ளையையும் கூட்டிப்போய், அவனை வைத்துக்கொண்டே பேசுங்கள். அவன் தலைக்கு மேலே பேச வேண்டாம். வீட்டில் ஏதாவது மாற்றம் இருந்தால், வேலை போனதோ, தாத்தா பாட்டி மருத்துவமனையில் இருப்பதோ, பெற்றோர் பிரிந்து வாழ்வதோ, தயங்காமல் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பையன் ஏன் திடீரென்று பின்வரிசையில் தூங்குகிறான் என்று தெரியாமல் ஆசிரியர் தவிப்பதைவிட அது எவ்வளவோ மேல். பண நெருக்கடி என்றால் பள்ளி அலுவலகத்தில் நிதி உதவித் திட்டப் படிவம் கேளுங்கள். கட்டணம், பாடநூல், சீருடை என எல்லாவற்றுக்கும் உதவி உண்டு, பள்ளி உணவும் உண்டு.

படி 5: துணைப்பாடம் தேவைதானா என்று இப்போது முடிவு செய்யுங்கள்

நான்கு படியும் முடிந்து ஒரு தவணை ஓடிய பிறகும் அதே குவியல் அப்படியே இருந்தால், சரி, துணைப்பாடத்துக்குப் போகலாம். சிண்டா நடத்தும் ஸ்டெப் வகுப்புகளை முதலில் பாருங்கள். 1991ல் நம் சமூகத்துக்காகத் தொடங்கிய சுயஉதவிக் குழு அது. சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கும் தொகையும் அங்கேதான் போகிறது, ஆகவே தயங்க ஒன்றுமில்லை. கட்டணம் தனியார் நிலையங்களைவிடப் பல மடங்கு குறைவு.

எங்கே சேர்த்தாலும் பள்ளி ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நிலையத்தில் ஒரு முறை, வகுப்பில் இன்னொரு முறை என்று பிள்ளை குழம்புவது அடிக்கடி நடக்கிறது. பாடத்தை இரண்டு மாதம் முன்னாலேயே நடத்திவிடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிலையங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அங்கே போய் வந்த பிள்ளை “இது எனக்குத் தெரியும்” என்று வகுப்பில் காதை மூடிக்கொள்ளும், ஆசிரியர் பாடு திண்டாட்டம்.

தூக்கத்தைத் தின்னும் துணைப்பாடம் வேண்டவே வேண்டாம். காலை ஏழரைக்குப் பள்ளி தொடங்குகிறது.

படி 6: தமிழ் வகுப்புக்குத் தனிக் கவனம்

தமிழாசிரியரின் நிலைமை கொஞ்சம் வேறு. சில பள்ளிகளில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவு. சில பள்ளிகளில் தமிழே இல்லை. அந்த மாணவர்கள் பள்ளி முடிந்து உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடங்களுக்குப் போய்ப் படிக்கிறார்கள். பள்ளியில் ஓரிருவராக இருக்கும் தமிழாசிரியர்களே தீபாவளி, பொங்கல் நிகழ்ச்சி, தமிழ்மொழி மாதப் போட்டி, பண்பாட்டுப் பயணம் எல்லாவற்றுக்கும் ஓடுகிறார்கள். வீட்டில் ஒரு சொல் தமிழ் கேட்காத பிள்ளையும், சென்னையிலிருந்து போன வருஷம் வந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கே பெற்றோரால் முடிந்த உதவிக்குக் காசே வேண்டாம். பிஎஸ்எல்இ தமிழில் மொத்தம் 200 மதிப்பெண்ணில் 50 வாய்மொழித் தேர்வுக்கு. உரக்க வாசிப்பதும், ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு உரையாடுவதும்தான் சோதனை. அந்த ஐம்பதுக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையே வகுப்பறை. ஒன்றைச் செய்து பாருங்கள். எம்ஆர்டி நிலையத்தில் மின்படி அருகே ஒரு முதியவர் தடுமாறுவதைப் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி அதைப் பேச்செடுங்கள். “நீ அங்க இருந்திருந்தா என்ன செஞ்சிருப்ப? ஏன் மத்தவங்க கவனிக்கல?” அவன் பாதி ஆங்கிலத்தில் சொன்னால் நிறுத்தித் திருத்தாமல், நீங்கள் அதையே தமிழில் திரும்பச் சொல்லிக் கேள்வியைத் தொடருங்கள். தேர்வில் கேட்பதும் ஏறத்தாழ இதே வகைக் கேள்விதான். இங்குள்ள பாடத்திட்டம் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுத்திருக்கிறது, செந்தமிழில் பேச வேண்டும் என்று வீட்டில் யாரும் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

தயவுசெய்து பிள்ளை முன்னால் “தமிழ் எதுக்கு, பாஸ் ஆனா போதும்” என்று சொல்லாதீர்கள். மறுநாள் அது வகுப்பில் அப்படியே எதிரொலிக்கும். கேட்டுக்கொண்டிருப்பவர் அந்தப் பாடத்துக்குத் தம் வாழ்க்கையைக் கொடுத்தவர்.

படி 7: பெற்றோர் ஆதரவுக் குழுவில் சேர்ந்தால் எதைச் செய்வது

பல பள்ளிகளில் இந்தக் குழு அலங்காரத்தோடு நின்றுவிடுகிறது. பலூன், பரிசுப் பை, ஆசிரியர் தின விருந்து. நல்லதுதான், ஆனால் இதனால் ஆசிரியருக்கு ஒரு மணி நேரமும் மிச்சமாவதில்லை. சில சமயம் கூடுதலாக ஒரு கூட்டம் வந்து சேர்கிறது.

குழுவில் முதல் கேள்வியாக இதை வையுங்கள்: எந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு நேரம் மிஞ்சும்? பதில் சாதாரணமாக இருக்கும். கற்றல் பயணத்துக்குக் கூட வர ஆள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வாரம் உணவகத்தில் காசு எண்ணி வாங்கத் துணை. நூலகத்தில் புத்தகம் அடுக்க, ஓய்வு நேரத்தில் வாசித்துக் காட்ட ஆள். வாசித்துக் காட்டுவதில் தமிழ்ப் பெற்றோருக்குத் தனி இடம் உண்டு. வாரம் ஒரு நாள் இருபது நிமிடம் தமிழ்க் கதை வாசிக்க ஒருவர் வந்தால், அந்தப் பிள்ளைகள் ஆசிரியர் அல்லாத ஒருவர் வாயிலிருந்தும் தமிழ் கேட்பார்கள். வேலைக்குப் போகும் பெற்றோர் முறை வைத்துக்கொள்ளலாம்.

படி 8: குறை இருந்தால்

ஆசிரியர்களும் தவறு செய்வார்கள். வரிசை ஒன்று இருக்கிறது: முதலில் சம்பந்தப்பட்ட ஆசிரியர், பிறகு வகுப்பாசிரியர் அல்லது நிலைத்தலைவர், துணைமுதல்வர், முதல்வர், அதன் பிறகே அமைச்சு. எடுத்த எடுப்பில் அமைச்சுக்கு எழுதினால் கடிதம் சுற்றி வந்து அதே முதல்வர் மேசையில்தான் விழும். இடையில் ஆசிரியர் விளக்கம் எழுதியே ஒரு வாரம் போய்விடும். பிள்ளையின் பாதுகாப்பு, அடி, அவமானம் போன்ற விஷயம் என்றால் மட்டும் வரிசை பார்க்காமல் நேரே முதல்வரிடம் போங்கள்.

பிள்ளை சொன்னதை எழுதும்போது “என் மகன் இப்படிச் சொல்கிறான், என்ன நடந்தது என்று அறிய விரும்புகிறேன்” என்று தொடங்குங்கள். தேதி, பாடம், நடந்தது, இவ்வளவு போதும். வகுப்பறைப் படத்தை முகநூலில் போடுவது எந்தக் குறையையும் தீர்த்ததில்லை.

பாராட்டும் இதே வழியில் போகட்டும். ஆசிரியர் தினம் செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை வருகிறது. விலை உயர்ந்த பரிசு அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி ஆசிரியருக்கும் நகல் அனுப்புங்கள். “நல்ல ஆசிரியர்” என்று மட்டும் எழுதினால் போதாது, செய்ததை எழுதுங்கள்: மார்ச் மாதம் என் மகள் கட்டுரையைக் கிழித்துப் போட்டபோது, மறுநாள் அவளோடு உட்கார்ந்து முதல் பத்தியை மட்டும் திரும்ப எழுதவைத்தார், இப்போது அவளாகவே எழுதுகிறாள் என்று. இப்படிப்பட்ட கடிதம் கோப்பில் இருக்கும். தமிழாசிரியர் என்றால் தமிழ் முரசும் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கமும் சேர்ந்து வழங்கும் நல்லாசிரியர் விருது இருக்கிறது. பரிந்துரை கேட்டு அறிவிப்பு வரும்போது அந்தக் கடிதத்தையே எடுத்து, படிவத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் விரித்து அனுப்பிவிடலாம்.